நிறுவனத்தின் கையில் சம்மன்

ஷாலிமார் ரோப் வொர்க்ஸ் என்ற கம்பெனியின் மேல் ஒரு தாவா நடந்தது. சம்மன் கம்பெனியின் பதிவு அலுவலகத்துக்கே போனது. அங்கே உட்கார்ந்திருந்த ஓர் அலுவலக ஊழியர் அதை வாங்கிக்கொண்டார். வாய்தா அன்று கம்பெனிக்காக யாரும் ஆஜராகவில்லை; நீதிமன்றம் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாணை வழங்கிவிட்டது. சம்மன் வந்த செய்தியே எங்களுக்குத் தெரியாது என்று கம்பெனி பிறகு வந்து முறையிட, விவகாரம் உச்ச நீதிமன்றம்வரை போய் 1980-இல் முடிந்தது. சம்மன் வாங்கும் அதிகாரம் இல்லாத ஊழியர் ஒருவரிடம் காகிதத்தைக் கொடுத்தால் அது கம்பெனிக்கே கொடுத்ததாகாது என்று சொல்லி, அந்தத் தீர்ப்பாணையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

முகவரி சரி. கட்டடம் சரி. வாங்கியவரும் அந்தக் கம்பெனியில் வேலை பார்ப்பவர்தான். இருந்தும் சார்வு (சம்மனை முறையாகச் சேர்ப்பித்தல்) செல்லவில்லை. நிறுவனம் ஒன்றுக்குச் சட்ட ஆவணத்தை முறையாகச் சேர்ப்பது எப்படி என்று ஆராய்கிற எவரும் இந்த வழக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். கட்டடத்தைச் சென்றடைந்தால் போதுமா, பொறுப்பில் இருக்கும் ஆளைச் சென்றடைய வேண்டுமா என்ற கேள்வி நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் இந்திய நீதிமன்றங்களில் முடியவில்லை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சம்மனை அனுப்புகிறவர் ஆளைத் தேடிப் போக வேண்டும். கம்பெனியோ தன் பதிவு முகவரியில் பதில் சொல்லக்கூடிய ஆளை எப்போதும் வைத்திருக்க வேண்டும். நம் சட்டத்தின் எழுத்தில் இரண்டு கடமைகளும் இருக்கின்றன. நடைமுறையில் முதல் கடமையை வாதியிடம் கறாராகக் கேட்கிறோம், இரண்டாவதைக் கம்பெனியிடம் அவ்வளவாகக் கேட்பதில்லை.

1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் சம்மன் பற்றிய பகுதி ஐந்தாம் கட்டளை. மனிதனை மனதில் வைத்து எழுதப்பட்டது அது. முடிந்தவரை பிரதிவாதியிடமே நேரில் கொடு. அவர் வீட்டில் இல்லையென்றால், அவருடன் வசிக்கும் வயதுவந்த குடும்பத்தாரிடம் கொடு. வேலைக்காரரைக் குடும்பத்தாராகக் கொள்ளாதே. இந்த விதிகளைப் படித்தால் ஒரு வீடும் திண்ணையும் கண்முன் வரும். கம்பெனிக்கு வீடும் இல்லை, குடும்பமும் இல்லை. அதனால்தான் இருபத்தொன்பதாம் கட்டளையின் இரண்டாம் விதி தனியாகப் பேசுகிறது: செயலாளர், இயக்குநர், மற்ற முதன்மை அலுவலர் இவர்களில் ஒருவரிடம் கொடுக்கலாம், இல்லையேல் பதிவு அலுவலகத்தில் விட்டுவரலாம் அல்லது அந்த முகவரிக்குத் தபாலில் அனுப்பலாம், பதிவு அலுவலகமே இல்லாத அமைப்பு என்றால் அது தொழில் நடத்தும் இடத்தில் கொடுக்கலாம்.

'விட்டுவரலாம்' என்பதில்தான் சிக்கல் எழுந்தது. அதை எழுத்துப்படி எடுத்துக்கொண்டால், யாரும் கவனிக்காத மேசையில் சம்மனை வைத்துவிட்டு வந்தாலும் சட்டம் நிறைவேறிவிடும். அப்படிப் பொருள்கொள்ள முடியாது என்றது ஷாலிமார் தீர்ப்பு. ஐந்தாம் கட்டளையின் பதினேழாம் விதியோடு சேர்த்து இதைப் படிக்க வேண்டும் என்பது அதன் விளக்கம். முதலில் செயலாளரையோ இயக்குநரையோ முதன்மை அலுவலரையோ தேட வேண்டும். அவர் கையெழுத்துப் போட மறுத்தாலோ, உரிய முயற்சி செய்தும் கிடைக்காமல் போனாலோதான் அலுவலகத்தில் விட்டுவர வேண்டும். வந்து, நடந்ததை நீதிமன்றத்துக்கு அறிக்கையாகத் தர வேண்டும். தபாலில் அனுப்புவது தன்னளவிலேயே செல்லும் என்றாலும், கூடுதல் வழியாக அதையும் செய்வது நல்லது என்று தீர்ப்பு சொல்கிறது.

ஆக, வரிசைதான் முக்கியம். இந்த வரிசையை நிறைவேற்ற வேண்டியவர் நம் உரிமையியல் நீதிமன்றங்களில் கட்டளை நிறைவேற்றுநர், பேச்சு வழக்கில் அமீனா. வாதி பேட்டா (சம்மன் சேர்ப்பிக்கும் கட்டணம்) கட்டியதும் சம்மன் அவர் கைக்கு வருகிறது. தொழிற்பேட்டையில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு அவர் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாசலில் காவலாளி நிறுத்துகிறார். உள்ளே போனால் வரவேற்பு மேசையில் ஒரு பெண் சம்மனை வாங்கி, உள்வரவு முத்திரை குத்தி, நகலில் கையெழுத்துப் போட்டுத் தருகிறார். பெரும்பாலான வழக்குகளில் எல்லாரும் இதோடு திருப்தி அடைந்துவிடுகிறார்கள். ஷாலிமார் தீர்ப்பின் வெளிச்சத்தில் பார்த்தால் இது பாதி வேலைதான். வாங்கியவரின் பெயர், பதவி, செயலாளரையோ மேலாளரையோ கேட்டபோது கிடைத்த பதில், போன நேரம் எல்லாம் அறிக்கையில் இருக்க வேண்டும். எந்த நேரத்தில், எந்த முறையில் கொடுத்தேன் என்று மூல சம்மனில் எழுதுவதைப் பதினெட்டாம் விதியே கேட்கிறது. கதவிலோ முகப்பிலோ ஒட்டிவிட்டு வந்தால், இடத்தை அடையாளம் காட்டியவர் யார், யார் முன்னிலையில் ஒட்டினோம் என்பதையும் பெயர், முகவரியோடு எழுத வேண்டும். 'கம்பெனி பூட்டியிருந்தது, திருப்பித் தருகிறேன்' என்ற ஒற்றை வரி அறிக்கையின் மேல் கட்டிய தீர்ப்பாணை, பிரதிவாதி கேள்வி கேட்கும் முதல் நாளிலேயே ஆட்டம் காணும்.

சம்மனோடு பிராதின் (வழக்கு மனுவின்) நகல் இருக்க வேண்டும் என்பது ஐந்தாம் கட்டளையின் இரண்டாம் விதி. சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் தன்மேல் என்ன வழக்கு என்று தெரியாத பிரதிவாதி எதற்குப் பதில் எழுதுவார்? நகல் இல்லாமல் போன சம்மனை முறையான சார்வாக ஏற்பதில் நீதிமன்றங்கள் தயங்கியிருக்கின்றன, அது சரியும்கூட. வாதியே சம்மனை வாங்கிக்கொண்டு போய்க் கொடுக்கவும் 9ஏ விதி இடம் தருகிறது. 'தஸ்தி' என்று அதைச் சொல்வார்கள். எதிர்த்தரப்பு வாங்க மறுத்தால் வாதியின் மனுவின் பேரில் நீதிமன்றம் மறுபடி சம்மன் அனுப்பி, தன் ஆள் வழியாகவே கொடுக்க வைக்கும். பகையாளியின் கையிலிருந்து வாங்க மறுப்பதும் நீதிமன்ற ஊழியரிடம் மறுப்பதும் வேறுவேறு என்பதைச் சட்டம் உணர்ந்திருக்கிறது.

ஆளைத் தேடச் சொல்லும் இந்த விதிகளுக்கு எதிர்த்திசையில் நிற்கிறது கம்பெனிச் சட்டம். 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி பதிவு அலுவலகத்துக்குப் பதிவுத் தபால், ஸ்பீடு போஸ்ட், கூரியர் வழியாக அனுப்பினாலோ, அங்கே விட்டுவந்தாலோ, விதிகள் அனுமதிக்கும் மின்னணு முறையில் அனுப்பினாலோ கம்பெனிக்கு ஆவணம் கொடுத்ததாகிவிடும். ஆளைத் தேடும் பேச்சே அங்கு இல்லை. ஆவணம் என்றால் என்ன என்று வரையறுக்கும் 2(36) பிரிவில் சம்மனும் நோட்டீஸும் சேர்ந்திருக்கின்றன. வேறெந்தச் சட்டத்தின் கீழ் பிறப்பித்ததாக இருந்தாலும் அவை ஆவணங்களே. இருபத்தொன்பதாம் கட்டளையின் இரண்டாம் விதியோ, சம்மன் கொடுப்பதை முறைப்படுத்தும் பிற சட்டங்களுக்கு உட்பட்டே தான் செல்லும் என்று தொடங்குகிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் பதிவு அலுவலகத்தில் சேர்ப்பதே போதும் என்று வாதாட நல்ல இடம் இருக்கிறது. அனுபவமுள்ள வழக்கறிஞர்கள் அந்த வாதத்தை மட்டும் நம்பி இருப்பதில்லை. நேரிலும் தபாலிலும் மின்னஞ்சலிலும் ஒரே நேரத்தில் அனுப்பி, ஒவ்வொன்றின் சான்றையும் உறுதிமொழிப் பத்திரத்தோடு கோப்பில் சேர்த்துவிடுகிறார்கள்.

ஆள் வேண்டும் என்ற வாதம் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குத் திருச்சியிலிருந்து ஒரு வழக்கு உண்டு. டெக்கோ திருச்சி என்ஜினியர்ஸ் என்ற ஒப்பந்த நிறுவனத்துக்கும் தெற்கு ரயில்வேக்கும் இடையிலான தகராறில் 2001-இல் நடுவர் தீர்ப்பு வந்தது. அதன் பிரதி ரயில்வேயின் பொது மேலாளர் அலுவலகத்து உள்வரவுப் பிரிவில் கையெழுத்தாகி வாங்கப்பட்டது. ஒப்பந்தத்தைக் கையாண்ட தலைமைப் பொறியாளரிடம் அது போய்ச் சேரச் சில நாட்கள் ஆயின. நடுவர் தீர்ப்பை எதிர்க்க மூன்று மாதம். அதற்குமேல் முப்பது நாள் வரை தாமதத்தை மன்னிக்கலாம். அதைத் தாண்டினால் வழியே இல்லை. எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில் வழக்கின் தலைவிதி தொங்கியது. ரயில்வே மாபெரும் அமைப்பு, பொது மேலாளர் கொள்கை அளவில் இயங்குபவர், அந்த வழக்கோடு நேரடித் தொடர்புள்ள அதிகாரி கையில் கிடைத்த நாளே 'தரப்பினர்' பெற்ற நாள் என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது.

இந்தத் தீர்ப்பின் தர்க்கம் எனக்குப் புரிகிறது. அதன் விளைவை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு தாள் உள்வரவுப் பிரிவிலிருந்து உரிய மேசைக்குப் போகத் தாமதமானால், அந்தப் பாதையை அமைத்தவர் அந்த அமைப்புதான். தன் பெரிய உருவமே அதற்குச் சாதகமாகக் கூடாது. மூன்று பேர் வேலை பார்க்கும் பட்டறை தன் தபாலைத் தானே பிரித்துப் பார்க்க வேண்டும். பல்லாயிரம் பேர் வேலை செய்யும் அமைப்புக்கோ உள்வரவு முத்திரைக்குப் பிறகும் சலுகை. ஷாலிமார் வழக்கில் கம்பெனியைக் காப்பாற்றியது, அங்கே அதிகாரமுள்ளவரைத் தேடும் முயற்சியே நடக்கவில்லை என்ற குறை. உள்வரவுப் பிரிவோ தபாலை வாங்குவதற்கென்றே அந்த அமைப்பு வைத்திருக்கும் இடம். இந்த இரண்டையும் ஒரே அளவுகோலில் வைக்கக் கூடாது.

சரியான ஆளைத் தேடுவதற்கு முன்பு சரியான முகவரி வேண்டும். முன்பெல்லாம் கம்பெனிப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்க் கோப்பைப் பார்க்க வேண்டியிருந்த தகவலை இப்போது கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் எவரும் பார்க்கலாம். பெயரையோ அடையாள எண்ணையோ கொடுத்தால் பதிவு அலுவலக முகவரி, மின்னஞ்சல், இயக்குநர்களின் பெயர், கம்பெனி நடப்பில் இருக்கிறதா நீக்கப்பட்டதா என்பதெல்லாம் வந்துவிடும். தாவா போடும் அன்றும், சம்மன் போகும் அன்றும் அந்தப் பக்கத்தை எடுத்துக் கோப்பில் வைப்பது நல்ல பழக்கம். விசிட்டிங் கார்டில் இருக்கும் முகவரி, பில்லில் இருக்கும் குடோன் முகவரி, பேச்சுவார்த்தை நடந்த கிளை அலுவலகம் எல்லாம் கூடுதலாக அனுப்ப உதவும். பதிவு அலுவலகத்துக்கு மாற்றாகா. வெளிநாட்டுக் கம்பெனி இந்தியாவில் இடம் வைத்துத் தொழில் செய்தால், ஆவணங்களைப் பெற்றுக்கொள்ள அது பதிவாளரிடம் பெயர் கொடுத்த ஆளுக்கு அனுப்பலாம் என்பது 383-ஆம் பிரிவு.

கம்பெனிச் சட்டத்தின் 12-ஆம் பிரிவைச் சாதாரண வாசகர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். பதிவு செய்த முப்பது நாளுக்குள், வரும் கடிதங்களையும் நோட்டீஸ்களையும் வாங்கி ஒப்புகை தரும் தகுதியுள்ள அலுவலகம் ஒன்று கம்பெனிக்கு இருக்க வேண்டும். தொழில் நடத்தும் ஒவ்வோர் இடத்தின் வெளிப்புறத்திலும் கம்பெனியின் பெயரையும் பதிவு அலுவலக முகவரியையும் படிக்கும்படி எழுதிவைக்க வேண்டும். அந்த எழுத்து வட்டார மொழியின் எழுத்தாக இல்லையென்றால் வட்டார எழுத்திலும் எழுத வேண்டும். அதாவது, தமிழ்நாட்டில் ஒரு கம்பெனியின் வாசலில் தமிழில் பெயர்ப்பலகை இருப்பது கம்பெனிச் சட்டத்தின்படியும் கட்டாயம். சம்மனோடு தெருவில் நிற்கும் நீதிமன்ற ஊழியருக்கு அந்தப் பலகை எவ்வளவு பெரிய உதவி! கடிதத் தாளில் முகவரி, அடையாள எண், தொலைபேசி, மின்னஞ்சல் அச்சிட வேண்டும் என்பதும் அதே பிரிவுதான். தவறினால் நாளொன்றுக்கு 1,000 ரூபாய், அதிகபட்சம் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

பங்குதாரர்களின் சொந்தச் சொத்தைத் தொடாதபடி கம்பெனிக்குச் சட்டம் ஒரு வேலி போட்டுத் தருகிறது. கடன் கொடுத்தவர்கள் தேடி வந்தால் கிடைக்கும் ஒரு முகவரி, அதற்கு ஈடாகச் சமூகம் கேட்கும் மிகக் குறைந்த விலை. அந்த விலையைக்கூடக் கொடுக்காத கம்பெனிகள் பல இருக்கின்றன. 2017-இல் நடந்த களையெடுப்பில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளின் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. அதற்குப் பிறகு, தொழில் ஒழுங்காக நடக்கவில்லை என்று நம்பக் காரணம் இருந்தால் பதிவு அலுவலகத்தைப் பதிவாளர் நேரில் போய்ச் சரிபார்க்கவும், முகவரி பொய்யென்றால் பெயரை நீக்க நடவடிக்கை எடுக்கவும் 12-ஆம் பிரிவிலேயே அதிகாரம் சேர்க்கப்பட்டது. இங்கிலாந்து 2024 மார்ச் 4 முதல் இன்னும் தெளிவாகச் செய்திருக்கிறது. அங்கே பதிவு அலுவலகம் 'தகுந்த முகவரி'யாக இருக்க வேண்டும். அனுப்பிய ஆவணம் கம்பெனிக்காகச் செயல்படும் ஒருவரின் கவனத்துக்கு வரும் என்று எதிர்பார்க்கும்படி இருக்க வேண்டும். வெறும் அஞ்சல் பெட்டி எண் செல்லாது. கட்டடமா ஆளா என்ற கேள்விக்கு அந்தச் சட்டம் தரும் விடை எனக்குப் பிடித்திருக்கிறது. கட்டடத்துக்குள் ஆளை வைக்கும் பொறுப்பை அது கம்பெனியின் தலையில் வைக்கிறது.

முகவரியில் கம்பெனி இல்லையென்றால் உடனே பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து முடித்துவிடலாம் என்ற நினைப்பு வாதிகளிடம் பரவலாக உண்டு. மாற்றுமுறைச் சார்வு என்ற அந்த வழிக்கு, பிரதிவாதி வேண்டுமென்றே ஒளிகிறார் என்றோ சாதாரண முறையில் கொடுக்க இயலாது என்றோ நீதிமன்றம் திருப்தி அடைந்திருக்க வேண்டும். விளம்பரமும் பிரதிவாதி கடைசியாக வசித்த அல்லது தொழில் செய்த வட்டாரத்தில் ஓடும் நாளிதழில் வர வேண்டும். நீர்ஜா ரியல்டர்ஸ் என்ற கம்பெனியின் வழக்கில், இந்தப் படிகள் ஒழுங்காக நடக்கவில்லை என்பதற்காக ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணையை உச்ச நீதிமன்றம் 2018-இல் ரத்து செய்தது. இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணையை நீக்கக் கோர, காலவரையறைச் சட்டத்தின் 123-ஆம் இனம் தீர்ப்பாணை நாளிலிருந்து 30 நாள் தருகிறது. சம்மன் முறையாகச் சார்வு ஆகவில்லையென்றால், பிரதிவாதிக்குச் செய்தி தெரிந்த நாளிலிருந்துதான் அந்த 30 நாள் ஓடும். மாற்றுமுறைச் சார்வை இதற்கு முறையான சார்வாகக் கொள்ளக் கூடாது என்று அந்த இனத்தின் விளக்கமே சொல்கிறது. எனவே பத்திரிகை விளம்பரத்தின் மேல் வாங்கிய தீர்ப்பாணையோடு ஐந்து வருடம் கழித்துச் சொத்தை ஜப்தி செய்யப் போகும் வாதி, 'நேற்றுத்தான் தெரியும்' என்று வந்து நிற்கும் கம்பெனியைச் சந்திக்க நேரலாம்.

வாதிக்கு ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. வாய்தா தேதி பிரதிவாதிக்குத் தெரிந்திருந்து, வந்து பதில் சொல்லப் போதிய அவகாசமும் இருந்தால், சார்வில் இருக்கும் வெறும் ஒழுங்கீனத்துக்காகத் தீர்ப்பாணையை நீக்கக் கூடாது என்கிறது ஒன்பதாம் கட்டளையின் பதின்மூன்றாம் விதி. குறை எவ்வளவு பெரியது என்பதைவிட, செய்தி போய்ச் சேர்ந்ததா என்பதே அங்கே கேள்வி. ஆகவே பல வழிகளில் அனுப்பி வைப்பதில் வீண் எதுவும் இல்லை. மின்னஞ்சலுக்குக் கம்பெனியின் கணக்கர் எழுதிய ஒரு வரிப் பதில்கூடப் பின்னாளில் தீர்ப்பாணையைக் காப்பாற்றலாம்.

கூட்டு நிறுவனங்களின் கதை வேறு. பார்ட்னர்ஷிப் ஃபர்முக்குத் தனி உயிர் இல்லை. கூட்டாளிகளின் கூட்டுப் பெயர் அது. முப்பதாம் கட்டளையின்படி கூட்டாளி ஒருவரிடம் கொடுக்கலாம்; அல்லது முதன்மைத் தொழில் இடத்தில், அந்த நேரத்தில் தொழிலை நிர்வகித்துக்கொண்டிருப்பவரிடம் கொடுக்கலாம். ஃபர்ம் கலைந்துவிட்டது என்று வாதிக்குத் தாவா போடும் முன்பே தெரிந்திருந்தால் பொறுப்பாக்க விரும்பும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கொடுத்தாக வேண்டும். யாரிடம் கொடுக்கிறோமோ அவரிடம் எந்த நிலையில் கொடுக்கிறோம், கூட்டாளியாகவா மேலாளராகவா என்று எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கூட்டாளியாகவே கொடுத்ததாகக் கொள்ளப்படும்.

பலர் இதன் விளைவை நிறைவேற்று மனு கட்டத்தில்தான் கண்டுபிடிக்கிறார்கள். ஃபர்மின் மேல் வாங்கிய தீர்ப்பாணையை ஃபர்மின் சொத்தின் மேல் நிறைவேற்றலாம், சந்தேகமில்லை. ஒரு கூட்டாளியின் சொந்த வீட்டையோ வங்கிக் கணக்கையோ தொட வேண்டுமென்றால், அவர் தன் பெயரில் ஆஜராகியிருக்க வேண்டும், அல்லது கூட்டாளி என்று ஒப்புக்கொண்டோ தீர்மானிக்கப்பட்டோ இருக்க வேண்டும், அல்லது கூட்டாளி என்ற முறையில் அவருக்குத் தனியாகச் சம்மன் சார்வாகியும் வராமல் இருந்திருக்க வேண்டும். இவை இல்லையென்றால் நீதிமன்றத்தின் அனுமதி கேட்டு மறுபடி ஒரு போராட்டம். இருபத்தொன்றாம் கட்டளையின் ஐம்பதாம் விதி அது. கடை மேலாளரிடம் ஒரு சம்மனைக் கொடுத்துவிட்டுத் திருப்தியாகத் திரும்பும் வாதி, நான்கு கூட்டாளிகளுக்கும் தனித்தனியாக அனுப்பும் கூடுதல் செலவை மிச்சம் பிடித்திருக்கிறார். அவர் இழக்கக்கூடியது முழுக் கடனும்.

ஒருவரே நடத்தும் கடை இன்னும் எளிது, ஆனால் தவறுகள் அங்கேதான் அதிகம். 'ஸ்டோர்ஸ்', 'டிரேடர்ஸ்', 'ஏஜென்சீஸ்' என்று பலகை இருப்பதாலேயே அது சட்டத்தில் தனி ஆளாகிவிடாது. உரிமையாளரின் பெயரைக் கண்டுபிடித்து அவரையே பிரதிவாதியாக்கி அவருக்கே சம்மன் கொடுப்பது பாதுகாப்பானது. கடையின் பெயரிலேயே வழக்குப் போட முப்பதாம் கட்டளையின் பத்தாம் விதி அனுமதித்தாலும், கடைசியில் தேட வேண்டியது அந்த மனிதரைத்தான்.

தாவாவுக்கு முந்தைய நோட்டீஸ்களிலும் இதே பிரச்சினை வேறு உருவில் வருகிறது. காசோலை திரும்பிய செய்தி வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ். அது கிடைத்த 15 நாளுக்குள் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார். கம்பெனியின் காசோலை என்றால் நோட்டீஸ் கம்பெனியின் பெயருக்குப் போயாக வேண்டும். இயக்குநர்களுக்குத் தனித்தனி நோட்டீஸ் அவசியமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் சொன்னது. மாறாக, காசோலையில் கையெழுத்திட்டவருக்கு மட்டும் நோட்டீஸ் அனுப்பி, கம்பெனியை விட்டுவிட்ட வழக்கு ஒன்று 2019-இல் உச்ச நீதிமன்றத்தில் விழுந்தது. நிர்வாக இயக்குநர் முகம் தெரிந்தவர், அவர்தான் பேசினார், அவர்தான் கையெழுத்துப் போட்டார் என்பதால் அவர் பெயருக்கே நோட்டீஸ் எழுதுவது இயல்பாகத் தோன்றும். அந்த இயல்பே வழக்கைக் கொன்றுவிடுகிறது.

கடனைக் கேட்டுக் கம்பெனிக்கு அனுப்பும் நொடிப்புச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு நோட்டீஸுக்கு விதிகள் தெளிவாக இருக்கின்றன: பதிவு அலுவலகத்தில் நேரில் அல்லது ஒப்புகையோடு பதிவுத் தபாலிலோ ஸ்பீடு போஸ்டிலோ கொடுக்கலாம்; முழுநேர இயக்குநர் அல்லது முக்கிய நிர்வாகியின் மின்னஞ்சலுக்கும் அனுப்பலாம். அது சேர்ந்த நாளிலிருந்து பத்து நாள் எண்ண வேண்டியிருப்பதால் சேர்ந்த தேதிக்கான சான்றே அங்கு உயிர்.

தபால் திரும்பி வந்தால் என்ன செய்வது? சரியான முகவரி எழுதி, கட்டணம் செலுத்தி, பதிவுத் தபாலில் அனுப்பினால் அது சேர்ந்ததாக அனுமானிக்கலாம் என்பது 1897-ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டம். 'வாங்க மறுத்தார்' என்ற குறிப்பு அனுப்பியவருக்குச் சாதகம். 'வீடு பூட்டியிருந்தது', 'கடை மூடியிருந்தது' என்ற குறிப்புகளோடு திரும்பிய நோட்டீஸையும் சேர்ந்ததாகவே உச்ச நீதிமன்றம் 1996-இல் ஏற்றது. 'இந்த முகவரியிலிருந்து போய்விட்டார்' என்று வந்தால் நிலைமை மாறும். முகவரியே தவறாக இருக்கலாம் என்பதால் அனுமானம் பலவீனமாகும், புது முகவரியைத் தேட வேண்டும். காசோலை வழக்குகளில் இந்தச் சண்டைக்கு 2007-இல் சி.சி. அலவி ஹாஜி தீர்ப்பு நியாயமான ஒரு முடிவு கண்டது. நோட்டீஸ் கிடைக்கவே இல்லை என்கிறவர், நீதிமன்றச் சம்மன் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டிவிடலாம். கட்டாதவர் பிறகு நோட்டீஸ் வரவில்லை என்று பேச முடியாது. செய்தி சேர்ந்ததா என்ற கேள்வியின் நோக்கத்தைப் பிடித்துக்கொண்ட தீர்ப்பு அது. பதிவுத் தபால் சேவையை 2025-இல் அஞ்சல் துறை ஸ்பீடு போஸ்டுடன் இணைத்துவிட்டதால், 'பதிவுத் தபால்' என்று எழுதியிருக்கும் பழைய சட்டங்களின் கீழ் நோட்டீஸ் அனுப்புகிறவர்கள் பதிவு வசதியையும் ஒப்புகையையும் கேட்டுச் சேர்த்துக்கொள்வது விவேகம்.

மின்னணு வழிகளை நீதிமன்றங்கள் படிப்படியாக ஏற்றிருக்கின்றன. கம்பெனிகளுக்கு இடையிலான வணிக வழக்குகளில் மின்னஞ்சலையும் கூடுதல் வழியாகப் பயன்படுத்த உச்ச நீதிமன்றம் 2010-இலேயே வழிகாட்டியது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய நோட்டீஸை எதிர்த்தரப்பு திறந்து பார்த்ததை நீலக்குறி காட்டியதால் அதை 2018-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் ஏற்றது. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஜூலை 10 அன்று, மின்னஞ்சலோடு சேர்த்து வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல் வழியாகவும் அனுப்பலாம் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே நீதிமன்றம் 2025 ஜனவரியில், போலீஸ் விசாரணைக்கு வரச்சொல்லும் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்றது. பணத் தகராறுக்கு ஒரு தரம், ஆளைக் கைது செய்யக்கூடிய விவகாரத்துக்கு வேறு தரம். வணிக நீதிமன்றங்களில் எதிர்வாதம் தாக்கல் செய்ய, சம்மன் சார்வான நாளிலிருந்து 120 நாளுக்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது என்று 2019-இல் உறுதியாகிவிட்டதால், எந்தச் செய்தி எந்த நாளில் சார்வாயிற்று என்பதைத் துல்லியமாகச் சொல்ல வேண்டிய கட்டாயமும் கூடியிருக்கிறது.

தமிழ்நாட்டுச் சிறு வணிகர்களை இந்தக் கேள்வி இப்போது அழுத்துவது ஜிஎஸ்டியில். மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 169-ஆம் பிரிவு நோட்டீஸ் கொடுக்கும் வழிகளை அடுக்குகிறது: நேரில்; பதிவுத் தபால், ஸ்பீடு போஸ்ட் அல்லது கூரியர்; பதிவின்போது கொடுத்த மின்னஞ்சல்; பொதுப் போர்ட்டலில் ஏற்றிவைத்தல்; நாளிதழ்; கடைசியாகத் தெரிந்த தொழில் இடத்தில் ஒட்டுதல். துறை பெரும்பாலும் போர்ட்டலோடு நிறுத்திக்கொண்டது. போர்ட்டலின் கடவுச்சொல் பல கடைகளில் உரிமையாளரிடம் இருப்பதில்லை. ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கணக்காளரிடமோ வரி ஆலோசகரிடமோ இருக்கிறது. ஆரம்ப ஆண்டுகளில் நோட்டீஸ்கள் வழக்கமாகப் பார்க்கும் பக்கத்தில் இல்லாமல் 'கூடுதல் நோட்டீஸ்கள், உத்தரவுகள்' என்ற வேறு பக்கத்தில் கிடந்தன என்பது வழக்குக்கு வழக்கு எழுந்த முறையீடு. வங்கிக் கணக்கு முடக்கப்பட்ட பிறகுதான் உத்தரவே தெரியும் என்று வணிகர்கள் சென்னையிலும் மதுரையிலும் உயர் நீதிமன்றத்தை நாடினார்கள். முதலில் நேரிலோ தபாலிலோ மின்னஞ்சலிலோ கொடுக்க முயல வேண்டும் என்ற போக்கிலும், போர்ட்டலில் ஏற்றுவதே சட்டப்படி போதும் என்ற போக்கிலும் அங்கே தீர்ப்புகள் வந்திருக்கின்றன. பல வழக்குகளில் நீதிமன்றம் நடுவழி ஒன்றைக் கண்டது: கேட்ட வரியில் 10 அல்லது 25 சதவீதத்தை முன்பணமாகக் கட்டினால் உத்தரவை ரத்து செய்து மறுபடி விசாரிக்கச் சொன்னது.

எழுத்துப்படி பார்த்தால் போர்ட்டலும் ஒரு வழிதான், மறுக்க முடியாது. ஆனால் ஒரு ரூபாய்க் கடனுக்குக்கூட அமீனாவை அனுப்பி ஆளைத் தேடச் சொல்கிற சட்ட முறை, லட்சக்கணக்கில் வரி கேட்கும்போது மட்டும் ஒரு திரையில் ஏற்றிவிட்டு நிற்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. போர்ட்டலில் ஏற்றி, ஒன்றிரண்டு நினைவூட்டல்களுக்கும் பதில் வராதபோது, பதில் தர வேண்டியவர் அதைப் பார்க்கவில்லை என்ற சாத்தியம் அதிகாரியின் கண்முன்னேயே இருக்கிறது. அந்த இடத்தில் தொழில் இடத்துக்கு ஒரு ஸ்பீடு போஸ்ட் அனுப்புவதைத் துறை தன் நடைமுறையில் கட்டாயமாக்க வேண்டும். அதற்காகச் சட்டத்தைத் திருத்த வேண்டிய தேவையே இல்லை, ஒரு சுற்றறிக்கை போதும். அப்படி அனுப்பாமல் பிறப்பித்த உத்தரவை ரத்து செய்யும்போது வணிகரிடம் முன்பணம் கேட்கும் வழக்கத்தையும் உயர் நீதிமன்றம் மறுபரிசீலனை செய்ய வேண்டும்.